தோழமை தேடிய மாணவன்

வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போமை நேயர்கள் அறிவர். சிறுவயதில் பெற்றோரை இழந்து, பேர்லினில் ஹிட்லர் பதவியேறியதைப் பள்ளி மாணவனாகக் கண்ட அவர், 1936 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்து, அங்கு கொம்யூனிஸ்ட் மாணவருடன் இணைந்தார். நம் நாட்டுப் பீற்றர் கெனமனும் அவர்களுள் ஒருவர். ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரம். பாசிசத்தை எதிர்க்க நினைத்த இளைஞரை இடதுசாரி இயக்கம் ஈர்த்தது. உறவிழந்த அம்மாணவனுக்கு அக்கூட்டம் வீடாகவும் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஆனால், அக்குழுவை முன்னின்று வளர்த்த கவிஞர் ஜோன் கோன்போர்ட் அப்போது அங்கில்லை. ஸ்பெயினிற் போராடச் சென்றிருந்தார். அந்த டிசம்பரிலேயே, தமது 21 ஆவது பிறந்தநாளையொட்டி, களத்தில் மாண்டார். போர்முனையில் அவர் எழுதியவற்றுள் பெரிதும் வாசிக்கப்படுவது, கேம்பிறிட்ஜ் தோழி மார்கொட் ஹைன்மனுக்கான காதற் கவிதை. அதிற் கோஷமில்லை; தன் அச்சத்தை ஒளிக்காமற் சொல்கிறார்.