துடைக்கும் துணியும் துலங்கும் வண்டியும்

ஞாயிறு காலையில் கிராண்ட்பாஸ் ஒழுங்கைகள் வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். வாசலில் வாளி, வாளியில் சவர்க்கார நுரை, பக்கத்தில் ஒரு மோட்டார் வண்டி. கழுவுவதில் நம்மவர் காட்டும் அக்கறை பாராட்டுதற்குரியது. ஆனால், கழுவி முடிந்ததும் கொடியிற் கிடக்கும் பழஞ்சாரத்தையோ கிழிந்த பனியனையோ எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இஃது அற்ப விடயமன்று. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அதுவும் கடும் வரியுடன். வாடகை வண்டியோட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு, கையிலிருக்கும் வண்டியே முதலும் வருவாயுமாகும். அதன் மேனி கெடின் விலையும் கெடும்.

இக்கால வண்டிகளின் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற காப்புப் பூச்சொன்று உண்டு. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரையே. தலைமயிர் ஒன்றின் பருமனிலும் குறைவு. வீதிப் புழுதியிலுள்ள மணற்றுகளோ அப்பூச்சினும் பன்மடங்கு கடினமானது. லொறிகள் ஓயாது செல்லும் நம் பகுதியில் புழுதிக்குப் பஞ்சமில்லை. துணிக்கும் பூச்சுக்கும் இடையே ஒரு மணற்றுகள் அகப்படின், துடைக்கும் கையே கீறும் கையாகிவிடும். என் பழைய வண்டியின் முன்மூடியில் வெயில் படும்போது தோன்றும் வளையக் கோடுகள், பொத்தான் கழற்றாத சட்டையொன்றினால் யானே துடைத்ததன் சாட்சியாக இன்றும் உள்ளன.

அங்ஙனமாயின் துடையாமலே உலரவிடலாமே எனச் சிலர் வினவலாம். நீர் ஆவியாகும்; அதிற் கரைந்துள்ள உப்புக்கள் ஆவியாவதில்லை. அவை வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். களனி கங்கையிலிருந்து வரும் கொழும்புக் குழாய்நீரில் இத்தொல்லை குறைவு. சுண்ணக்கற் பாறைமீதமைந்த யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் மிகுதி. வெள்ளவத்தைக் கரையோரத்தில் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே துடைத்தல் வேண்டும். தக்க துணியாற் துடைத்தல் வேண்டும்.

முன்னாளில் சாமோய்த் தோல் பெயர் பெற்றிருந்தது. ஐரோப்பிய மலையாடொன்றின் பெயர் தாங்கிய அத்தோல், இன்று செம்மறித் தோலிலிருந்து மீனெண்ணெய் ஊட்டிப் பதனிடப்படுகிறது. நீரை நன்கு உறிஞ்சும். ஆனால் பரப்புத் தட்டையாதலின், எஞ்சிய துகள் ஒதுங்க இடமில்லை. பருத்தித் துவாய் இதனினும் மேல். எனினும் அதன் ஓரத்தையல் கீறக்கூடும்.

இப்போது பலரும் நாடுவது மைக்ரோபைபர் துணி. பொலியெஸ்டரும் நைலோனும் கலந்த அதன் இழை 9000 மீற்றர் நீளமிருப்பினும் 1 கிராம் நிறைகூட இராது. இவ்விழைகளின் இடைவெளிகளில் மயிர்த்துளைத் தன்மையால் நீர் ஏறுகிறது. துகள்களும் மயிர்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. உலர்த்துவதற்குச் சதுர மீற்றருக்கு 400 கிராமுக்கு மேற்பட்டதும், ஓரம் மென்மையானதுமான துணியைத் தேர்தல் நலம். ஐயமிருப்பின், பயனற்ற பழைய குறுந்தட்டு ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அத்துணி வேண்டாம்.

துடைக்கும் முறையும் முக்கியமானது. வண்டியை நிழலில் நிறுத்தி, முன்மூடியின் சூடு தணிந்த பின்பே கழுவுங்கள். இறுதியில், குழாய்நீரைப் பீச்சாமல் மெதுவாக வழியவிடின் பெரும்பகுதி நீர் தானே இறங்கிவிடும். பின்னர்த் துணியை விரித்துப் பரப்பி, அழுத்தாமல் இழுங்கள். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருக. சில்லுகளுக்கும் கதவின் அடிப்புறத்துக்கும் வேறு துணி வைத்திருங்கள். நிலத்தில் விழுந்த துணியை, எத்துணை உதறினாலும், கழுவாமல் மீண்டும் எடுக்கலாகாது.

சுண்ணப்பொடி நிறைந்த துடைப்பானாற் கரும்பலகை துலங்காது என்பது மாணவர் யாவரும் அறிந்தது. துணிக்கும் அதுவே நியதி. பயன்படுத்திய அன்றே வெதுவெதுப்பான நீரில், மென்மையான திரவச் சவர்க்காரத்தால் தனியே கழுவுங்கள். பருத்தித் துணிகளுடன் சேர்ப்பின் அவற்றின் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவம் இழைமேல் படலமிட்டு உறிஞ்சுந் திறனைக் கெடுக்கும். வெளிற்றும் தூளும் இஸ்திரிப் பெட்டியும் ஆகா. கடுஞ்சூட்டில் இழை உருகும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வையுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். சாமோய்த் தோலைக் கடுஞ் சவர்க்காரமிட்டுக் கழுவின், அதன் எண்ணெய் நீங்கி வெடித்துப்போகும்.

வண்டியைப் பேணுதல் என்பது பெருஞ்செலவில் மட்டும் அமைந்ததன்று. கையிலிருக்கும் துணி தூய்மையானதா என ஒரு கணம் பார்த்துக்கொள்வதிலும் அமைந்துள்ளது. அடுத்த ஞாயிறு வாளியை எடுக்குமுன், கொடியிலுள்ள துணியை ஒருமுறை தடவிப் பாருங்கள்.