காப்பி வேறு, கட் வேறு

ஒரு பில் பட்டியல். ஏ நெடுவரிசையில் எண்ணிக்கை, பி-யில் விலை. சி2 செல்லில் =ஏ2*பி2 என்று எழுதி, அதைக் காப்பி செய்து கீழே முப்பது வரிக்கு ஒட்டுகிறோம். சி3-இல் =ஏ3*பி3 என்று வந்து நிற்கிறது. மாற்றச் சொன்னது யார்?

யாரும் இல்லை. ஏ2 என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் எக்செல் அதை 'இதே வரியில், இடப்பக்கம் இரண்டு செல் தள்ளி' என்றே எடுத்துக்கொள்கிறது. 'எதிர் வீட்டில் கேள்' என்பதை எந்தத் தெருவில் நின்று சொன்னாலும் அந்தத் தெருவின் எதிர் வீடுதானே! செட்டிங்ஸில் ஆர்1சி1 என்ற முறைக்கு மாற்றிப் பாருங்கள்: முப்பது செல்லிலும் அட்சரம் பிசகாமல் ஒரே ஃபார்முலா இருக்கும்.

வம்பு வருவது வரி போடும்போது. 18% ஜிஎஸ்டியை ஜி1-இல் வைத்து =சி2*ஜி1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரி ஜி2-ஐத் தேடிப் போகும். அங்கே ஒன்றுமில்லை, வரி பூஜ்யம். பிழைச்செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. $ஜி$1 என்று எழுதினால் முகவரி அசையாது. எஃப்4 விசையைத் தட்டினால் டாலர் தானே விழும். ஒரு பக்கம் மட்டும் பூட்டுவதும் உண்டு: முதல் நெடுவரிசையிலும் முதல் வரியிலும் எண்களை வைத்து, பி2-இல் =$ஏ2*பி$1 என்று எழுதி இழுங்கள். முழு வாய்ப்பாடும் அந்த ஒரே ஃபார்முலாவில் நிரம்பிவிடும். எனக்கு எக்செல்லில் மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் இந்த டாலர் வசதி இல்லை. நகலெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் 'மாற்றவா, அப்படியே விடவா' என்று அது கேட்கும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இலோ பதிலை டாலர் குறியாக ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதிவிடலாம்.

கட் செய்து ஒட்டுவது வேறு கதை. சி2-ஐ வெட்டி எச்10-இல் வைத்தாலும் =ஏ2*பி2 மாறாது; சி2-ஐ நம்பியிருந்த மற்ற ஃபார்முலாக்கள்தான் எச்10 என்று திருத்திக்கொள்ளும். ஆனால் எச்10-ஐ ஏற்கெனவே வேறொரு ஃபார்முலா பயன்படுத்தியிருந்தால் அதில் ரெஃப் பிழை விழும். உடனே கன்ட்ரோல்-இசட் அடித்துவிடுங்கள். ஃபைலை மூடிவிட்டால் அந்த ஃபார்முலா எந்தச் செல்லைக் காட்டியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.