வாடிய பூவைக் கிள்ளுங்கள். வாசல் நிறையப் பூக்கும்

“செடி தளதளவென்று வளர்கிறது, பூவைத்தான் காணோம்!” நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு நீலாய், சிரம்பான் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களிலும் தாய்மார்கள் பலர் சொல்லும் குறை இது. உடனே உரம் வாங்க ஓடுகிறோம். அதற்கு முன் செடியை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வாடிய பூக்கள் கிளையிலேயே காய்ந்து தொங்குகின்றனவா?

செடி பூப்பது நமக்காக அல்ல, விதைக்காக. பூ வாடியதும் அதன் சத்தெல்லாம் காய்க்கும் விதைக்கும் போகிறது. விதை முற்றிவிட்டால், வந்த வேலை முடிந்ததென்று செடி பூப்பதைக் குறைத்துக் கொள்கிறது. காய் பிடிக்குமுன் வாடிய பூவைக் கிள்ளிவிட்டாலோ, மறுபடியும் மொட்டு விடுகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. செம்பனைக் கன்று நட்ட தொடக்க ஆண்டுகளில் பூங்குலைகளை நீக்கிவிடுவார்களே, ஏன்? சத்து குலைக்குப் போகாமல் மரத்துக்கும் வேருக்கும் சேரட்டும் என்றுதான். அங்கே மரம் வளர நீக்குகிறோம். இங்கே பூ பெருகக் கிள்ளுகிறோம்.

எந்தச் செடிக்கு எப்படி?

ரோஜா: பூவை மட்டும் பிய்க்காதீர்கள். காம்போடு கீழே வந்து, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். அந்தக் கணுவில் புதுத் துளிர் வரும். சுமார் ஆறு, ஏழு வாரத்தில் அதில் பூக்கும். தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இட்லிப் பூ: கொத்து முழுதும் வாடியதும், அதற்குக் கீழுள்ள இலை ஜோடியோடு வெட்டுங்கள். புதுக் கிளையின் நுனியில்தான் அடுத்த கொத்து வரும்.

கனகாம்பரம்: கதிரில் பூ முடிந்ததும் கதிரை அடியோடு நறுக்குங்கள். விட்டால் காய் முற்றி, ஈரம் பட்டதும் வெடித்து விதை தெறிக்கும்.

துலுக்கச் சாமந்தி: இது பல்லாண்டுச் செடியல்ல, ஆனாலும் வாடியதைக் கிள்ளக் கிள்ளப் பூக்கும் நாள் நீளும். விதைக்கென்று நல்ல பூக்கள் சிலவற்றை விட்டுவையுங்கள்.

1960ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் தேசிய மலராக விளங்கும் செம்பருத்திக்கு இந்த வேலை இல்லை. அதன் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடித் தானே உதிர்ந்துவிடும். நீண்ட கிளைகளின் நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டினால் போதும். நித்தியகல்யாணியும் தானே உதிர்க்கும்.

மழைக் காலத்தில் இன்னும் கவனம் தேவை. நனைந்த பூ அழுகினால் பூஞ்சணம் மொட்டுக்கும் பரவும். கத்தரிக்கோலைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத வாடல் பூக்களை வேரடியில் போடலாம், மட்கி எருவாகும்.

காலையில் சாமிக்குப் பூப்பறிக்கும்போதே வாடியதையும் கிள்ளிவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் காசு கொடுத்துப் பூ வாங்கும் குடும்பத்துக்கு இந்தச் சின்னப் பழக்கம் பெரிய உதவி.