ஃபெலிஸ் விற்ற யந்திரம்

1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி இரவு, பிராக் நகரத்தில் தம் நண்பர் மாக்ஸ் பிராடின் வீட்டுக்குச் சென்றிருந்த எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா, பெர்லினிலிருந்து வந்திருந்த ஃபெலிஸ் பௌவர் என்னும் மங்கையை முதன்முதலாகக் கண்டார். ஐந்து வாரங்களுக்குப் பின் அவர் எழுதத் தொடங்கிய கடிதங்கள், சில நாட்களில் இரண்டு மூன்றாகப் பெருகி, ஐந்தாண்டுக் காலத்தில் ஐந்நூறைத் தாண்டின. அக்கடிதங்களை இலக்கிய உலகம் நன்கறியும். அவற்றினிடையே தலைகாட்டும் ஒரு யந்திரத்தை அறிந்தவர்களோ சிலரே.

ஃபெலிஸ் உத்தியோகம் பார்த்த கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் ஸ்தாபனம் (நம் வீடுகளில் பாடிய ஒடியன் இசைத்தட்டுகளும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே) 'பார்லோகிராஃப்' என்ற யந்திரத்தை விற்றுவந்தது. காரியாலயங்களில் அதிகாரி வாசகத்தைச் சொல்லச் சொல்ல, ஒருவர் எதிரே அமர்ந்து சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒருவர் வேண்டாதபடி, குழலில் பேசிய பேச்சின் வேகத்தில் மெல்லிய தகடு ஒன்று அதிர, அத்துடன் இணைந்த கூரிய முனை, சுழலும் மெழுகு உருளையின்மேல் அவ்வதிர்வுக்கேற்ப மேடும் பள்ளமுமாய் நுண்ணிய வரியைக் கீறிச் செல்லும். பின்னர் வேறொரு முனை அதே வரியில் ஊர்கையில் தகடு மறுபடி அதிர்ந்து, மறைந்த சப்தம் மீண்டும் எழ, தட்டெழுத்தாளர் அதைக் கேட்டுத் தாளில் ஏற்றுவார். வேலை முடிந்த உருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டால் பழைய பேச்சு தூளாய் உதிர்ந்து, மெழுகு அடுத்த பேச்சுக்குச் சித்தமாகிவிடும். இத்தனை எளிய உபாயத்தால் மனிதக் குரலைப் பிடித்து வைக்க முடிந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காஃப்காவுக்கோ அதனிடம் அச்சமே மிகுந்தது. இன்சூரன்ஸ் காரியாலயத்தில் தட்டெழுத்தாளரிடம் வாசகம் சொல்லிப் பழகிய அவர், எதிரே இருப்பவர் மனிதரானால் சற்றே தயங்கி நிற்கலாம். யந்திரத்தின் மௌனமான நிர்ப்பந்தமோ மனிதரினும் கொடிதாக அவருக்குத் தோன்றியது. ஆயினும் அது தம் காதலி விற்கும் பொருளாயிற்றே! 1913 ஜனவரியில், அதன் விற்பனையைப் பெருக்கும் யோசனைகளை அவரே அடுக்கி எழுதினார். பெர்லினில் ஒரு பார்லோகிராஃபும் பிராகில் ஒரு கிராமபோனும் டெலிபோனை அணுகித் தமக்குள் சம்பாஷிக்கட்டும் என்ற விநோதக் கற்பனையும் அவற்றில் ஒன்று. இரு நகரங்களுக்கிடையே தாம் பேச அஞ்சியதை யந்திரங்களாவது பேசட்டும் என்ற ஏக்கமாகவே அது எனக்குப் படுகிறது.

இருமுறை நிச்சயமான விவாகம் இருமுறையும் முறிந்தது. அவருடைய கடிதங்களை ஃபெலிஸ் அமெரிக்கா வரை கொண்டுசென்று காத்து, 1955-இல்தான் விற்றார். ஃபெலிஸ் எழுதிய பதில்களோ நமக்குக் கிட்டவில்லை.