கட்டத்துக்குள் அடியா, அடிக்கேற்ற கட்டமா?

கொங்குப் பகுதியில் கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்து ஊர்களில் மாரியம்மன் நோன்பு சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் இரவுகளில் துடும்பும் உறுமியும் முழங்கத் தொடங்கிவிடும். வள்ளி கும்மியும் இதே மண்ணின் ஆட்டம்தான். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் வெளியூர்க்காரர்களும் அதை அறிந்துகொண்டார்கள். இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: மெதுவாகத் தொடங்கி, கால்கள் பழகப் பழக வேகம் ஏறும். எந்த இடத்தில் எவ்வளவு ஏறவேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பாடுகிற வாத்தியாரும் அடிக்கிறவரும் ஆடுகிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து அதை முடிவு செய்கிறார்கள். இப்படிச் சுதந்திரமாக வாசித்த தாளத்தைக் கணினியில் பதிந்து, அதன்மேல் நாதஸ்வரமோ கீபோர்டோ பாட்டோ சேர்க்க நினைக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. கணினியின் இசை மென்பொருள் திறந்தவுடன் திரையில் சம இடைவெளியில் கோடுகள் போட்டு வைத்திருக்கும், பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி என்ற கணக்கில். வாசித்தவரின் அடிகளோ அந்தக் கோடுகளோடு ஒட்டாமல், சற்று முன்னும் பின்னுமாக விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் முற்றிலும் வேறிடத்துக்குப் போய்விடும். அடியைக் கோட்டுக்கு இழுப்பது ஒரு வழி, கோட்டை அடிக்கு நகர்த்துவது மற்றொரு வழி. பெரும்பாலானவர்கள் முதல் வழியில் போகிறார்கள். கொங்கு ஆட்டத் தாளங்களைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பதிவாவது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். 1983-இல் வந்த மிடி என்ற மின்னிசை மொழி ஒலியைப் பதிவதில்லை. எந்தத் தட்டு, எந்த நேரத்தில், எவ்வளவு பலமாக அடிக்கப்பட்டது என்ற தகவலை மட்டுமே பதிகிறது. பலத்துக்கு 1 முதல் 127 வரை எண். 1985-இல் ரோலண்டு நிறுவனம் கொண்டுவந்த ஆக்டபேட் என்ற மின் தாளக்கருவி இதே மொழியில்தான் கணினியோடு பேசியது. நம் மெல்லிசைக் குழுக்களின் மேடைகளில் இன்று காணும் ரிதம் பேடுகள் அதன் வாரிசுகள். பழைய மிடி கம்பி வழியே ஓர் அடியின் தகவல் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லி செகண்டு ஆகும். தாளக்காரர் தெரிந்தே தள்ளியோ முந்தியோ வைக்கும் நுணுக்கம் பத்து, இருபது மில்லி செகண்டு அளவில் இருப்பதால் அது இந்தப் பதிவில் தப்பாமல் நிற்கும். உறுமியின் வளைந்த குச்சி தோலில் உரசி எழுப்பும் அந்த நீண்ட முனகல் மிடிக்குள் அடங்காது, உண்மைதான். ஆனால் எப்போது அடித்தார் என்பது அடங்கும். நமக்கு இங்கே வேண்டியது அதுவே.

அடியைக் கோட்டுக்கு இழுக்கும் வேலையைக் குவாண்டைஸ் என்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வோர் அடியும் அருகிலுள்ள கோட்டில் ஒட்டிக்கொள்ளும். இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் ஒருசேர அழிகின்றன. வேகத்தின் மெதுவான ஏற்றம் ஒன்று. வேகத்தை நம் இசைக்காரர்கள் காலப்பிரமாணம் என்பார்கள். அந்த வேகத்துக்குள்ளேயே ஓர் அடி சற்று முந்துவது, அடுத்தது சற்றுப் பிந்துவது என்ற நடையின் அசைவு மற்றொன்று. சுதந்திரமாக வாசித்த பதிவில் கோடும் அடியும் வெகுதூரம் பிரிந்திருப்பதால், பல அடிகள் தம் கோட்டை விட்டுப் பக்கத்துக் கோட்டில் போய் ஒட்டி, தாளமே உருமாறிவிடுவதும் உண்டு. அந்த அசைவு வெறும் பிழையில்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹோல்கர் ஹென்னிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, மெட்ரோனோமின் டிக் ஒலியைக் கேட்டபடி வாசிக்கும்போதும் மனிதக் கை விலகிக்கொண்டே இருக்கிறது என்று காட்டியது. அந்த விலகல்கள் குருட்டாம்போக்கானவை அல்ல. இப்போதைய விலகலுக்கும் வெகு நேரம் கழித்து வரும் விலகலுக்கும் தொடர்பு இருக்கிறது. கணினி தன்போக்கில் தூவிய விலகலைவிட இப்படித் தொடர்புள்ள விலகலையே கேட்டவர்கள் விரும்பினார்கள். ஆக, குவாண்டைஸ் செய்துவிட்டு, பிறகு 'மனிதத்தன்மை' சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் இழந்தது திரும்பாது. சோமனூர் விசைத்தறி ஒரே வேகத்தில் ஓடினால்தான் துணி சீராக வரும். தாளக்காரரை அந்தத் தறியாக்கப் பார்ப்பதுதான் இங்கே நடக்கிறது.

கோட்டை நகர்த்தும் வழியில் வேலை சற்றுக் கூடுதல், அதிலும் முதல் படியைத் தவறவிடக்கூடாது. மிடி அடிகள் சாதாரணமாகக் கோட்டோடு கட்டப்பட்டிருக்கும். வேகத்தை மாற்றினால் அடிகளும் சேர்ந்து நகரும், எவ்வளவு முயன்றாலும் இரண்டுக்குமான இடைவெளி மாறாது. எனவே பதிவை முதலில் கடிகார நேரத்தோடு பூட்டவேண்டும். கியூபேஸ் மென்பொருளில் தடத்தை நேர அடிப்படைக்கு மாற்றவேண்டும், லாஜிக்கில் நேரப் பூட்டு இருக்கிறது, ரீப்பரிலும் அதற்கான அமைப்பு உண்டு. பூட்டிய பிறகு, தாளச் சுற்றின் முதல் அடி எது என்று காதால் கேட்டு, அங்கே ஒரு குறி வைத்து, இதுதான் புதுச் சுற்றின் தொடக்கம் என்று மென்பொருளுக்குச் சொல்லவேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் உள்ள நேரத்திலிருந்து வேகம் தானே கிடைத்துவிடும். கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை. ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, அடிக்கு மூன்று பிரிவு என்று கொள்வோம். தொடக்கத்தில் எட்டுச் சுற்றுக்கு 9.6 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 100 அடி. இறுதியில் அதே எட்டுச் சுற்று 8 விநாடியில் முடிந்தால் 120 அடி. இதையே ஆறு-எட்டு என்ற தாளக்குறியில் எழுதினால் பல மென்பொருள்கள் 100-ஐ 150 என்றும் 120-ஐ 180 என்றும் காட்டும். அவை எண்ணுவது மூன்று பிரிவு கொண்ட முழு அடியை அல்ல, இரண்டு பிரிவுகளை மட்டுமே. வேகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதிகள் இந்த மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் அடிக்கடி தடுமாறுகின்றன. நான்கு-நான்கு தாளத்தை எதிர்பார்த்துத் திறந்த கோப்பில் திஸ்ரம் நுழைந்தால் முதல் அடியைத் தப்பான இடத்தில் பிடித்து, பாட்டு முழுக்க அதையே தொடரும். தாளம் தெரிந்த ஒருவர் கையால் தட்டிக் காட்டுவதே இன்றும் நம்பகமான வழி.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, வாசித்தவர் தடுமாறிய இடத்தையும் இப்படிச் சட்டமாக்கிவிட மாட்டோமா என்பது. ஒவ்வோர் அடிக்கும் குறி வைத்தால் அந்த ஆபத்து நிச்சயம் உண்டு. அப்போது கோடே நடுங்கும், எல்லா அடியும் கோட்டில் கச்சிதமாக நிற்பதுபோல் தெரியும், நடையின் அசைவு எது, வேகத்தின் ஏற்றம் எது என்று பிரித்தறிய வழியிருக்காது. மேலே சேர்க்கும் நாதஸ்வரமும் சேர்ந்து நடுங்கும். ஆகவே குறிகள் அடிதோறும் வேண்டாம், சுற்றுதோறும் அல்லது நான்கு சுற்றுக்கு ஒன்று போதும். அப்படி வைத்தால் வேகத்தின் ஏற்றம் கோட்டில் இருக்கும், அசைவு அடியில் இருக்கும், கைதவறி விழுந்த அடி தனியாகக் கண்ணில் படும். அந்த ஓர் அடியைக் கையால் திருத்துவதில் எந்தத் தவறும் இல்லை. மறுப்பு சுட்டும் அபாயம் முறையைச் சேர்ந்ததல்ல, குறி வைக்கும் அடர்த்தியைச் சேர்ந்தது.

மற்ற வாத்தியங்களைச் சேர்க்கவும், எதிரொலி விளைவுகளை அமைக்கவும், ஒரு துண்டை வெட்டி வேறிடத்தில் ஒட்டவும் நிலையான வேகமே வசதி என்பார்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும் பதிவில் துண்டை இடம்மாற்றுவது சிரமம்தான், அதை ஒப்புக்கொள்ளவேண்டும். மற்ற வசதிகள் எல்லாம் அடியைப் பின்தொடரும் கோட்டிலும் கிடைக்கின்றன. கீபோர்டுக்காரருக்கு அடியைக் காட்டக் காதில் ஒலிக்கும் கிளிக்கும் அதே கோட்டிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் அவரும் வாத்தியாரோடு சேர்ந்து வேகம் ஏறுவார்.

முதலிலேயே கிளிக் போட்டு வாசிக்கச் சொல்லிவிடலாமே என்ற கேள்வியும் உண்டு. சினிமாப் பாட்டுக்குப் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது, தேர்ந்தவர்கள் அதில் அழகாகவே வாசிக்கிறார்கள். ஆனால் கும்மியில் வேகத்தை ஆட்டக் களமே தீர்மானிக்கிறது. ஏறும் வேகத்துக்கு ஒரு கிளிக்கை முன்கூட்டியே அமைக்கவேண்டுமானால், எந்த இடத்தில் ஏறவேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே, ஆடாத ஒருவர் அறையில் உட்கார்ந்து முடிவுசெய்யவேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனிடம் எதிர்பார்க்கும் தகுதிகளுள் ஒன்று, மற்றக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் தெரிந்திருப்பது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, அந்த நொடியில் செய்யவேண்டிய வேலை அது. காதில் கிளிக் ஒலித்தால் தாளக்காரர் கேட்பது கிளிக்கைத்தான். தவிர, வயது முதிர்ந்த வாத்தியார் ஒருவரின் ஆட்டத்துக்குக் களத்தில் ஒருமுறை பதிந்த தாளத்தை மறுபடி வாசித்துத் தாருங்கள் என்று கேட்க எப்போதும் முடிவதில்லை.

கோட்டை நகர்த்தி முடித்தபின் அந்த வேக வரைபடத்தையும் அடிகளோடு ஒரே மிடி கோப்பில் சேமிக்கலாம். 1988-இல் வகுத்த கோப்பு முறையிலேயே அதற்கு இடமிருக்கிறது. ஓர் அடிக்கு எத்தனை மைக்ரோ செகண்டு என்று வேகமாற்றம் ஒவ்வொன்றும் அதில் எண்ணாகப் பதிவாகும். அதே கும்மியை இரண்டு ஊர் வாத்தியார்கள் நடத்தியிருந்தால், எவர் எத்தனையாவது சுற்றில் வேகத்தைக் கூட்டினார், எவர் ஒரே சீராக ஏற்றினார், எவர் பாட்டின் அடி முடியும் வரை பொறுத்திருந்து ஒரேயடியாக ஏற்றினார் என்பதை இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கருமத்தம்பட்டியில் புதிதாகக் கும்மி பழகும் பிள்ளை, தன் வாத்தியார் எங்கே வேகம் கூட்டுகிறார் என்பதைச் சுற்று சுற்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். குவாண்டைஸ் செய்த பதிவில் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்தான் இருக்கும்: 120.