தறியை விட்டு இறங்குமுன்: இளம் தம்பதியர் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு

நிகாஹ் முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆன பிறகு நம் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு தொடங்குகிறது. "இந்தத் தறியை நம்பி எத்தனை நாள்? ஏதாவது படித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனால் என்ன? சென்னைக்கே போய்விட்டால் என்ன?" சந்தவாசல், கண்ணமங்கலம், ஆரணி என்று எந்த ஊரிலிருந்து ஆலோசனை கேட்டு வந்தாலும், இருபதுகளில் உள்ள கணவன் மனைவி கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நல்ல கேள்விதான். ஆனால் பதிலைப் பலர் அவசரத்தில் முடிவு செய்கிறார்கள். நகையை அடகு வைத்தாகிவிட்டது, தறியைப் பிரித்தாகிவிட்டது, அதன் பிறகு யோசனை கேட்டு வருகிறார்கள். அதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

தறியை விடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1995-96 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 65 லட்சம் பேருக்கு மேல் கைத்தறித் தொழிலில் இருந்தார்கள். 2009-10இல் அது 43 லட்சமாகியது. 2019-20இல் 35 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. பட்டு நெய்பவர்களின் நிலை இதைவிடச் சற்று மேல் என்றாலும், மகன் தறியில் உட்கார வேண்டாம் என்று அத்தாவே சொல்லும் காலம் வந்துவிட்டது. எனவே தறியை விடுவதா வேண்டாமா என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. விடுவதானால் எப்படி விடுவது என்பதைப் பார்ப்போம்.

தறிக் கூலி ஒருவருடைய கூலி அல்ல

முதலில் இப்போதைய வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். "சேலைக்கு இவ்வளவு கூலி, மாதத்துக்கு இத்தனை சேலை" என்று கணவர் சொல்லும் தொகையில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது. தார் சுற்றுவது, நூல் இழைப்பது, அறுந்த இழையைப் பிணைக்கக் கை கொடுப்பது, கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்வது என அவர் நாளுக்கு நான்கு ஐந்து மணி நேரம் தறியடியில் இருக்கிறார். கூலி கணவர் கையில் வருவதால் அது அவர் சம்பாத்தியமாகத் தெரிகிறது. உண்மையில் இரண்டு பேர் உழைத்துத்தான் அந்தத் தொகை வருகிறது.

இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், கணவர் தறியை விட்டால் வருமானம் நிற்பதோடு மனைவியின் அந்த மணி நேரங்களும் விடுபடுகின்றன. அந்த நேரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் குடும்பத்தின் முடிவில் இடம்பெற வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் பேசுவதே இல்லை.

அடுத்தது முன்பணம். முதலாளியிடம் நெய்பவர்களில் பலர் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது கூலியில் கழியாமல் அப்படியே நிற்கும். "முன்பணத்தைக் கட்டாமல் எங்கும் போக முடியாது" என்ற பயத்தால் பயிற்சியையே கைவிட்டவர்கள் உண்டு. முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவர் வேறு வேலைக்குப் போவதைத் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படித் தடுத்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் எல்லா முதலாளியும் அப்படிப்பட்டவர் அல்லர். வாங்கிய தொகை எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து எழுதி, மீதியை மாதத் தவணையாகத் தருவதாகக் கையெழுத்திட்டால் ஒப்புக்கொள்பவர்களே அதிகம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். நம்மவர்கள் அதை ஓதுகிறார்கள். முன்பணத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

யார் படிப்பது?

பயிற்சி என்றால் கணவருக்குத்தான் என்று நினைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. "கல்யாணம் ஆகிவிட்டது, இனி என்ன படிப்பு" என்று சொல்லும் 22 வயதுப் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும். பல வீடுகளில் மருமகள் பிளஸ் டூ, மகன் பத்தாவது. அப்படியிருக்கும்போது முதலில் அவர் ஓராண்டு கணினி இயக்குநர் பயிற்சியோ தையல் தொழில்நுட்பப் பயிற்சியோ முடித்து வேலைக்குப் போவதும், அதுவரை கணவர் தறியில் இருப்பதும், பிறகு கணவர் படிப்பதும் நல்ல ஏற்பாடாக இருக்கலாம். இருவரும் ஒரே சமயத்தில் வருமானத்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாடப் புத்தகம், சீருடை, பேருந்துப் பயணச் சலுகையும் உண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் ஆகியவை இரண்டாண்டுப் பிரிவுகள். வெல்டர் ஓராண்டு. குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் ஓராண்டுப் பிரிவை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய இயந்திரங்களை நிறுவியிருக்கிறார்கள். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துச் சேருங்கள்.

படிப்பு முடிந்த பிறகு தொழிற்சாலையில் தொழில் பழகுநராக ஓராண்டு இருப்பது பலருக்குத் தெரியாத வழி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் அதற்கும் உதவித்தொகை கிடைக்கும். 2019இல் அதன் குறைந்தபட்ச அளவு, கல்வித் தகுதிக்கேற்ப, 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயிக்கப்பட்டது. சுயதொழில் எண்ணம் உள்ளவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. சில வாரப் பயிற்சி, உணவும் தங்குமிடமும் உட்பட இலவசம்.

சுவரொட்டியில் "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று போட்டு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கேட்கும் தனியார் நிலையங்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தேசியத் தொழிற்சான்றிதழ் தருவீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணம்

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழந்தை இல்லாத தம்பதி, மாதச் செலவு 13,000 என்று வையுங்கள். கணவர் இரண்டாண்டு ஐ.டி.ஐ. சேர்கிறார், 750 வருகிறது. மனைவி வேலைக்குப் போய் 11,000 கொண்டு வருகிறார். துண்டு விழுவது மாதம் 1,250. இரண்டு வருடத்துக்கு 30,000. எதிர்பாராத செலவுக்கு 20,000 சேர்த்தால் 50,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். "படிக்கப் போனால் மூன்று லட்சம் கடனாகும்" என்று பயந்துகொண்டிருந்தவர்கள் இப்படி எழுதிப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்வார்கள். உங்கள் தொகை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

அந்த 50,000 எங்கிருந்து? உடனே எல்லோர் கண்ணும் மனைவியின் நகை மீது போகும். மஹராக வந்ததும் அவருடைய வீட்டார் அவருக்குப் போட்டதும் அவருடைய சொத்து. அவர் மனமுவந்து தந்தால் எடுத்துக்கொள்ளலாம். மாமியார் முன்னிலையில் கேட்டு, அவர் தலையாட்டுவது மனமுவப்பு ஆகாது. தருவது அன்பளிப்பா, கடனா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். கடன் என்றால் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். ரூபாயில் எழுதினால் தங்கம் ஏறும் வேகத்தில் அவருக்குத்தான் நட்டம். குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை மார்க்கத்தில் கணவர் மீதே இருக்கிறது. இரண்டு வருடம் மனைவியின் சம்பளத்தில் வீடு நடந்தால் அது அவர் செய்யும் உபகாரம். அதை அப்படியே சொல்லி ஏற்றுக்கொள்ளும் வீடுகளில் பிற்காலத்தில் சண்டை குறைவு என்பது எங்கள் அனுபவம்.

நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதைவிட, தேவையான அளவுக்கு மட்டும் விற்றுவிடுவது பல சமயம் லாபம். செய்கூலி, சேதாரம் போய்விடும் என்று மனம் கேட்காதுதான். இரண்டு வருட வட்டியையும், மீட்க முடியாமல் ஏலத்தில் போன நகைகளையும் நினைத்துப் பாருங்கள். உறவினரிடம் கர்ழன் ஹஸனாக வாங்குவது முதல் வழி. ஜமாஅத் பைத்துல்மாலில் கேட்பதற்கும் கூச்சம் வேண்டாம். உரிய ஏழ்மை நிலையில் இருப்பவர்களுக்கும் கடனில் மூழ்கியவர்களுக்கும் ஜகாத்தில் பங்கு உண்டு. உங்கள் நிலை அதில் வருமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ, தேசியக் கழகத்தின் நிதியிலிருந்து தொழில் கடனும் கல்விக் கடனும் தருகிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குத் தொழில் கடன் 6 சதவீதத்திலும் கல்விக் கடன் 3 சதவீதத்திலும் கிடைக்கிறது. இதுவும் வட்டிதானே என்று விலகுபவர்களை மதிக்கிறோம். ஆனால் டாம்கோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நூற்றுக்கு ஐந்து என்று வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் கை நீட்டுவதை எப்படிப் புரிந்துகொள்வது? நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம்.

இடம் மாறுவது

வேலை கிடைத்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கிளம்புவதற்கு முன் நம் மாவட்டத்திலேயே உள்ள செய்யாறு சிப்காட்டையும், பக்கத்திலுள்ள ராணிப்பேட்டையையும் விசாரியுங்கள். செய்யாறு காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் சென்னைப் பக்கத்தைவிட ஓரிரண்டு ஆயிரம் குறைந்தாலும் வாடகையும் பயணச் செலவும் அதைச் சரிசெய்துவிடும். வயதான பெற்றோரை வாரம் ஒருமுறை வந்து பார்க்கவும் முடியும். எங்கு சேர்ந்தாலும் சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம்தான். அதில் குடும்ப வைத்தியமும் மகப்பேறு விடுப்புச் சம்பளமும் அடங்கும்.

சென்னைதான் என்றால், வீட்டு முன்பணம் பெரிய சுமை. பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேளுங்கள். ஊரில் கைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாக அனுபவித்தவர்களுக்கு, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலை அதிர்ச்சியாக இருக்கும். பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று சொல்லும் இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதனால் முதல் இரண்டு மாதம் கணவர் மட்டும் விடுதியில் தங்கி, அந்தப் பகுதி பள்ளிவாசல் மூலமாக வீடு தேடுவது நல்லது.

குடும்ப அட்டையில் இருவர் பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீக்கிப் புதிய அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டை இருந்தால் மாநிலத்தின் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுக்கான சாதிச் சான்றிதழைச் சொந்த ஊரில் இருக்கும்போதே வாங்குவது எளிது. 3.5 சதவீத இடஒதுக்கீடு இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. மனைவி கருவுற்றிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிவு செய்து, அங்கே தரும் எண்ணைப் பத்திரமாகக் கொண்டு போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவிக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

வளைகுடா செல்ல நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்டு, சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அங்கே பதிவு செய்யலாம்.

ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான இணைய விண்ணப்பம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் பருவத்தில் தொடங்கிவிடும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் இவற்றை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், படித்த பள்ளியில் நகல் வாங்க ஒரு மாதம்கூட ஆகலாம்.