கர்ப்பப்பை இறக்கம்: அம்மா மறைச்ச மூணு வருஷம்

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவ. இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அம்மா. மூணு வருஷமா கல்யாணம், கோயில்னு எங்கேயும் வராம, "முட்டி வலி"னு சொல்லிட்டு இருந்தாங்க. போன மாசம்தான் வாயைத் திறந்தாங்க: "கீழ ஏதோ இறங்கி நிக்குதுடி."

பாட்டிங்க இதை "அடி இறங்கிடுச்சு"ன்னு சொல்வாங்க. நடக்கிறது இதுதான். இடுப்பெலும்புக்கு அடியில தூளி மாதிரி தசைகள் இருக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. சுகப்பிரசவத்துல அந்தத் தசைகள் இழுபடும், சில சமயம் கிழியும். மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையுறதால இன்னும் தளரும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல்ல முக்குறது, பாரம் தூக்குறது, உடல் பருமன் எல்லாம் மேலேயிருந்து அழுத்தும். தூளி தொய்ஞ்சா உள்ள இருக்கிறது இறங்கத்தானே செய்யும்?

அடிவயித்துல பாரம், சாயங்காலமானா அது கூடுறது, சிறுநீர் முழுசா போகாத உணர்வு, இருமினா கசியுறது, கைக்குத் தட்டுப்படுற வீக்கம். இதெல்லாம் அறிகுறிகள்.

அம்மா மறைச்சதுக்கு வெட்கம் பாதி, "கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க"ங்கிற பயம் பாதி. ஆனா எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆரம்ப நிலையில கீகல் பயிற்சி உதவும். சிறுநீரை அடக்குற மாதிரி தசையை இறுக்கி, சில விநாடி பிடிச்சு, தளர்த்தணும். ஒரு தடவைக்கு பத்து, தினமும் மூணு வேளை, சில மாசம் விடாம. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது பெஸ்ஸரி. டாக்டர் அளவு பார்த்து உள்ள வைக்கிற சிலிகான் வளையம். அப்பப்போ எடுத்துச் சுத்தம் பண்ணிக்கணும், செக்கப்பும் போகணும்.

ஆபரேஷன்னாலும் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும்னு இல்ல. அதை மேலே தூக்கிக் கட்டுற முறைகள் உண்டு. மும்பை டாக்டர் வி. என். ஷிரோத்கர் பேர்லயே ஒண்ணு இருக்கு. எடுத்துட்டாலும், தாங்குற தசை பலவீனமா இருந்தா மத்த உறுப்புகள் பின்னாடி இறங்கலாம்.

சிறுநீரே வரலைன்னாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

அம்மாவுக்கு இப்போ வளையம் வச்சிருக்காங்க. போன வாரம் பஸ் ஏறி சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. இன்னைக்கு உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க: "கீழ பாரமா இருக்காம்மா?" முதல் தடவை பேச்சை மாத்துவாங்க. இன்னொரு நாள் திரும்பக் கேளுங்க.